மின்சாரத்தின் நான்கு அளவைகள்

கமலை இறைத்த கிணற்றில் இன்று மின்மோட்டார் ஓடுகிறது. கையால் நாடா ஓட்டிய தறியிருந்த தெருவிலேயே விசைத்தறி முழங்குகிறது. கைத்தறியே கதியென்றிருக்கும் வீட்டிலும் இரவில் இழை பிணைப்பதற்கு மின்விளக்கு வேண்டியிருக்கிறது. இங்ஙனம் உழவு, நெசவு ஆகிய இரு தொழில்களிலும் மின்சாரம் ஒரு கூட்டாளியாக வந்து சேர்ந்துவிட்டது. கூட்டாளியின் குணம் அறியாமல் தொழில் நடத்துவோர் நஷ்டப்படுவர் என்பது சங்கத்தில் அங்கம் வகிக்கும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நூலை நம்பர் பார்த்து வாங்குகிறோம். பருத்தியை எடை பார்த்து விற்கிறோம். நிலத்தைச் சங்கிலி பிடித்து அளக்கிறோம். மின்சாரத்தை மட்டும் ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்னும் இரண்டே சொற்களால் அளந்து வருகிறோம். அழுத்தம் தாழ்ந்த வேளையில் மோட்டாரை ஓட்டிச் சுருளைக் கருக்கிவிட்டு, மோட்டார் செய்தவன் மீது பழி சொல்கிறோம். ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டு உயிரிழந்தவரைப் பற்றி, விதி முடிந்தது என்று பேசுகிறோம். இவ்விரண்டும் பெரும்பாலும் விதியால் விளைவன அல்ல. கணக்கு அறியாமையால் விளைவன.

அக்கணக்கு கடினமானதன்று. உயர்நிலைப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளின் பௌதிகப் புத்தகத்தில் சில பக்கங்களில் அடங்கியிருப்பதுதான். அறிய வேண்டிய அளவைகள் நான்கே: வோல்ட், ஆம்பியர், ஓம், வாட். இந்நான்கையும் அங்கத்தினர்கள் தத்தம் கிணற்றடியிலும் தறிக்கூடத்திலும் வைத்து அறிந்துகொள்ளுமாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாயத் தொழிலாளி கண்ட உண்மை

மின்சார விஞ்ஞானத்தின் வரலாற்றில் ஜவுளித் தொழிலுக்கு ஓர் இடம் உண்டு. இங்கிலாந்தில் கேன்டர்பரி நகரில் பிறந்த ஸ்டீபன் கிரே என்பவர் சாயத் தொழில் செய்த குடும்பத்தினர். தாமும் அத்தொழிலையே கற்றவர். கண்ணாடிக் குழாயைத் தேய்த்தால் அது இறகையும் துரும்பையும் இழுக்கும் என்பது அக்காலத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த இழுக்கும் தன்மையை வேறோர் இடத்துக்குக் கொண்டுசெல்ல முடியுமா என்று ஆராய்ந்தவர் கிரே.

1729-ஆம் ஆண்டில், கென்ட் மாகாணத்தில் கிரான்வில் வீலர் என்ற நண்பரின் இல்லத்தில் அவர் ஒரு பரிசோதனை செய்தார். நீண்டதொரு சணற்கயிற்றைக் கிடையாகக் கட்டி, அதைப் பட்டு நூல்களால் தாங்கித் தொங்கவிட்டார். ஒரு முனையில் கண்ணாடிக் குழாயைத் தேய்த்து வைத்தபொழுது, மறுமுனையில் கட்டியிருந்த தந்த உருண்டை இறகை இழுத்தது. கயிற்றின் நீளத்தை மிகுத்தபொழுது பாரம் தாங்காமல் பட்டு நூல் அறுந்தது. அதற்குப் பதிலாக மெல்லிய பித்தளைக் கம்பியால் கயிற்றைத் தாங்கினார். என்ன வியப்பு! எவ்வளவு தேய்த்தும் மறுமுனைக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. பித்தளைக் கம்பியும் பட்டு நூலைப் போலவே மெல்லியதுதான். ஆகவே வேறுபாடு பருமனில் இல்லை, பொருளில் இருக்கிறது என்று கிரே தெளிந்தார். பித்தளை மின்சாரத்தைத் தன்வழியே சுவருக்கு விட்டுவிடுகிறது. பட்டு அதை விடாமல் காக்கிறது. மறுபடியும் பட்டு நூலையே கட்டி, 700 அடிக்கும் மேற்பட்ட தூரம் மின்சாரத்தைச் செலுத்திக் காட்டினார்.

உலகப் பொருள்களைக் கடத்தி என்றும் காப்புப் பொருள் என்றும் பிரித்தறியும் அறிவு இவ்வாறு தோன்றியது. செம்பு, அலுமினியம், இரும்பு முதலிய உலோகங்கள் கடத்திகள். பட்டு, உலர்ந்த பருத்தி, ரப்பர், பீங்கான், கண்ணாடி, பிளாஸ்டிக் ஆகியவை காப்புப் பொருள்கள். இதன் காரணம் நெடுநாள் புலப்படவில்லை. 1897-ஆம் ஆண்டில் ஜே. ஜே. தாம்சன் என்னும் விஞ்ஞானி எலெக்ட்ரான் என்ற நுண்ணிய துகளைக் கண்டறிந்த பின்னரே விளங்கிற்று. உலோகங்களில் சில எலெக்ட்ரான்கள் அணுக்களை விட்டு விலகிக் கட்டின்றித் திரிகின்றன. அவற்றை ஒரு திசையில் தள்ளினால் அதுவே மின்னோட்டம். காப்புப் பொருள்களில் எலெக்ட்ரான்கள் தத்தம் அணுக்களோடு இறுகப் பிணைந்திருப்பதால் அவை எளிதில் நகர்வதில்லை.

நெசவாளர்களுக்கு இதில் மற்றொரு பாடமும் உண்டு. காற்று வறண்ட நாட்களில் பாலியஸ்டர், நைலான் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டும் விலகியும் தொல்லை தருவதைக் காண்கிறோம். இழை உராய்வதால் ஏறிய மின்சாரம் வெளியேற வழியின்றித் தங்கிவிடுவதே அதன் காரணம். தறிக்கூடத்துக் காற்றில் ஈரம் ஏற்றினால் அத்தொல்லை தணிகிறது. ஏனெனில் ஈரம் மின்சாரத்துக்கு வழி விடுகிறது. இந்த உண்மையை மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த துணி காப்புப் பொருள். அதே துணி நனைந்தால் கடத்தி. பின்னர் உயிர்ப் பாதுகாப்பைப் பற்றிக் கூறுமிடத்து இது நமக்குப் பயன்படும்.

அழுத்தமும் ஓட்டமும்

தேய்த்து உண்டாக்கும் மின்சாரம் நொடியில் மறைவது. இடையறாமல் ஓடும் மின்சாரத்தை முதன்முதலாக 1800-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர் இத்தாலி நாட்டு அலெஸாண்ட்ரோ வோல்ட்டா. இருவகை உலோகத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையையோ துணியையோ வைத்து அவர் செய்த அடுக்கே இன்றைய பாட்டரிகளுக்கெல்லாம் மூதாதை. அவர் பெயரால் வழங்குவதே வோல்ட் என்னும் அளவை.

வோல்ட் எதை அளக்கிறது? வயலுக்கு நீர் பாய்ச்சுவோருக்கு இது எளிதில் விளங்கும். மேட்டில் ஒரு நீர்த்தொட்டி இருக்கிறது; பள்ளத்தில் வயல் இருக்கிறது. தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகத்தோடு குழாயில் நீர் தள்ளப்படும். இந்த உயர வேறுபாட்டைப் போன்றதே மின்னழுத்தம். அதை வோல்ட்டால் அளக்கிறோம். குழாய் வழியே ஒரு நொடியில் எத்தனை குடம் நீர் பாய்கிறது என்பதைப் போன்றது மின்னோட்டம். அதைப் பிரெஞ்சு விஞ்ஞானி ஆம்பியரின் பெயரால் ஆம்பியர் என்று அளக்கிறோம். குழாய் குறுகலாகவும் நீளமாகவும் இருந்தால் நீருக்குத் தடங்கல் ஏற்படுவது போலக் கம்பியிலும் ஒரு தடங்கல் உண்டு. அது மின்தடை; அதன் அளவை ஓம்.

அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு என்பதை ஐயமற உணர வேண்டும். தொட்டி நிரம்பியிருந்தும் மதகு மூடியிருந்தால் நீர் ஓடாது. அவ்வாறே சுவிட்ச் போடாத பிளக்கில் 230 வோல்ட் அழுத்தம் காத்திருக்கலாம். ஓட்டம் மட்டும் இராது. ஓட்டம் இல்லை என்பதால் அபாயம் இல்லை என்று எண்ணி விரலை நீட்டுவது, மதகு மூடியிருக்கிறது என்பதால் ஏரியில் நீரில்லை என்று எண்ணுவதற்கு ஒப்பாகும்.

எனினும் நீர் உவமை ஓரிடத்தில் பொருந்தாது. குழாயை வெட்டினால் நீர் வெளியே கொட்டும். கம்பியை வெட்டினால் மின்சாரம் கொட்டுவதில்லை, நின்றுவிடுகிறது. மின்சாரம் ஓட வேண்டுமானால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிச் செல்ல முழு வழி வேண்டும். இவ்வழியை மின்சுற்று என்பர். ஒரே கம்பியில் இரண்டு கால்களையும் வைத்து அமரும் காக்கை சாவதில்லை. இரண்டு கால்களுக்குமிடையே அழுத்த வேறுபாடு இல்லை. மண்ணில் நின்றுகொண்டு அதே கம்பியைத் தொடும் மனிதன் பிழைப்பது அரிது. அவன் உடல் வழியாகப் பூமிக்கு ஒரு மின்சுற்று முழுமை பெற்றுவிடுகிறது.

மற்றொரு செய்தி. சுவிட்ச் போட்ட கணத்தில் விளக்கு எரிவதால் எலெக்ட்ரான்கள் மின்னல் வேகத்தில் ஓடிவருகின்றன என்று நினைக்கலாம். அவ்வாறன்று. 1 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் பாயும்பொழுது, எலெக்ட்ரான்கள் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு முழத்தில் பாதி தூரமே நகர்கின்றன. விரைந்து பரவுவது அவற்றைத் தள்ளும் விசைதான். நீர் நிறைந்த குழாயின் ஒரு முனையில் அழுத்தினால் மறுமுனையில் உடனே நீர் வருகிறதல்லவா, அதுபோல. வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தில் அந்த நகர்ச்சியும் இல்லை. நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அசைவதே எலெக்ட்ரான்களின் வேலை, நெசவில் நாடா போய் வருவதைப் போல.

பள்ளி ஆசிரியர் தந்த கணக்கு

இம்மூன்று அளவைகளையும் ஒரு கணக்கில் பிணைத்தவர் ஜெர்மனி நாட்டில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம். பூட்டுத் தொழிலாளியின் மகனான அவர், 1827-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். ஆம்பியரை ஓமால் பெருக்கினால் வோல்ட் கிடைக்கும் என்பதே அது. அழுத்தம் மிகுந்தால் ஓட்டம் மிகும். தடை மிகுந்தால் ஓட்டம் குறையும். இதுவே ஓம் விதி.

இவ்விதியைக் கிணற்றடியில் வைத்துப் பார்ப்போம். மீட்டரிலிருந்து 100 மீட்டர் தூரத்தில் உள்ள கிணற்றில் 1 குதிரைச் சக்தி மோட்டார் ஒருமுனை இணைப்பில் ஓடுகிறது. அது ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கிறது. விலை குறைவு என்று 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை இழுத்துவிட்டோம். போக 100 மீட்டர், வர 100 மீட்டர், ஆக 200 மீட்டர் கம்பி. அதன் தடை ஏறக்குறைய 3.4 ஓம். 6 ஆம்பியரை 3.4 ஓமால் பெருக்கினால் 20 வோல்ட்டுக்குச் சற்று மிகுதி. மீட்டரில் 230 வோல்ட் இருந்தாலும் மோட்டாருக்குக் கிட்டுவது 210 வோல்ட்டே. மீதி ஒயரிலேயே செலவாகி வெப்பமாகப் போய்விட்டது. அதே இடத்தில் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டிருந்தால் இழப்பு 8 வோல்ட். 4 சதுர மில்லிமீட்டர் போட்டிருந்தால் 5 வோல்ட்.

வாய்க்காலின் அகலத்தைக் குறைத்துவிட்டுக் கடைமடைக்கு நீர் வரவில்லை என்று வருந்துவார் உண்டா? ஒயரின் பருமனைக் குறைத்துவிட்டு மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்று வருந்துவதும் அத்தகையதே. அலுமினிய ஒயரானால் அதன் தடை செம்பினும் ஒன்றரை மடங்குக்கு மேல் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். முறுக்கித் துணி சுற்றிவிட்ட இணைப்புகளோ இன்னும் கேடு. தளர்ந்த இணைப்பு, நடு வாய்க்காலில் விழுந்த கல். அங்கே தடை மிகும், சூடு ஏறும், பிறகு தீப்பற்றும். பஞ்சும் நூலும் நிறைந்த தறிக்கூடத்தில் அதன் விளைவைக் கூற வேண்டியதில்லை.

வாட்டும் யூனிட்டும்

நான்காவது அளவை வாட். நீராவி யந்திரத்தைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட்டின் பெயரால் வழங்குவது. ஒரு சாதனம் எவ்வளவு விரைவாக வேலை செய்கிறது, அதாவது எவ்வளவு விரைவாகச் சக்தியைச் செலவிடுகிறது என்பதை இது காட்டும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். மோட்டார்களில் ‘பவர் பாக்டர்’ என்னும் ஒரு சிறு கழிவு உண்டு. பெருக்கி வந்த தொகையை அதற்கேற்பச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். 1,000 வாட் ஒரு கிலோவாட். ஒரு குதிரைச் சக்தி என்பது 746 வாட்.

மீட்டரில் ஏறுவது வாட் அன்று. வாட்டும் நேரமும் சேர்ந்த தொகை. 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 5 குதிரைச் சக்தி பம்பு மோட்டார் தரும் வேலை 3,730 வாட். தன் உள்ளிழப்பையும் சேர்த்து அது வாங்குவது ஏறக்குறைய 4,500 வாட். நான்கு மணி நேரம் ஓடினால் 18 யூனிட். இழை விளக்கு 60 வாட் தின்று தரும் வெளிச்சத்தை, எல்.இ.டி. விளக்கு 9 வாட்டிலேயே தந்துவிடுகிறது. நாளுக்கு ஆறு மணி வீதம் முப்பது நாள் எரிந்தால் முன்னதற்கு 10.8 யூனிட், பின்னதற்கு 1.6 யூனிட்டுக்குச் சற்று மிகுதி. தறிக்குத் தறி விளக்குப் போடும் கூடத்தில் இவ்வேறுபாடு எத்தனை ரூபாயாகும் என்பதை அங்கத்தினர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இங்கே ஜேம்ஸ் ஜூல் என்னும் ஆங்கில விஞ்ஞானி கண்ட ஓர் உண்மையைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கம்பியில் எழும் வெப்பம் ஆம்பியரின் அளவுக்கு ஏறுவதில்லை. ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கிய அளவுக்கு ஏறுகிறது. ஓட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. மேலே கண்ட மெல்லிய ஒயரில் 6-ஐ 6-ஆல் பெருக்கி, 3.4-ஆலும் பெருக்கிப் பாருங்கள். 122 வாட் வருகிறது. பதின்மூன்று எல்.இ.டி. விளக்குகளுக்குப் போதுமான சக்தி ஒருவருக்கும் பயனின்றி ஒயரைச் சூடாக்கியே வீணாகிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இந்த நஷ்டம் 49 வாட்டே.

மலையிலிருந்து மடைக்கு

மின்சாரத்தைத் தொலைவிலிருந்து கொண்டுவரும் முறையும் இவ்வுண்மையைக் கொண்டே அமைந்தது. 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ஆம் நாள், கருமானின் மகனும் புத்தகம் கட்டும் தொழில் பயின்றவருமான மைக்கேல் பாரடே, ஓர் இரும்பு வளையத்தின் இருபுறத்திலும் செம்புக் கம்பிச் சுருள்களைச் சுற்றினார். சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமலிருக்க அவர் இடையே வைத்தது நூற்கயிறும் காலிகோ துணியும். காலிகோ என்பது நம் கோழிக்கோட்டுத் துறைமுகத்தின் பெயரால் ஐரோப்பியர் வழங்கிய பருத்தித் துணியின் பெயர். ஒரு சுருளில் ஓட்டத்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும், அதனோடு சேராத மறு சுருளிலும் மின்சாரம் தோன்றி மறைந்தது. இன்று ஊர்தோறும் கம்பத்தில் ஏறி நிற்கும் டிரான்ஸ்பார்மருக்கு மூலம் அந்த வளையமே.

டிரான்ஸ்பார்மர் அழுத்தத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் வல்லது. ஒரு கிராமத்துக்கு 100 கிலோவாட் வேண்டுமென்று கொள்வோம். 250 வோல்ட்டில் அனுப்பினால் 400 ஆம்பியர் பாய வேண்டும். 10,000 வோல்ட்டில் அனுப்பினால் 10 ஆம்பியரே போதும். ஓட்டம் நாற்பதில் ஒரு பங்காகிறது; ஆதலின் கம்பியில் வீணாகும் வெப்பம் 1,600-இல் ஒரு பங்காகிறது. இதனாலேயே தமிழகத்தில் மின்சாரத்தை 110, 230, 400 கிலோவோல்ட் முதலிய அளவுகளுக்கு உயர்த்தி நெடுந்தூரம் கொண்டுவந்து, ஊரருகே படிப்படியாகத் தாழ்த்திக் கொடுக்கிறார்கள்.

நீலகிரியில் 3,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து வீழும் நீரைக் கொண்டு பைகாரா மின்திட்டம் 1932-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் கோயமுத்தூர்ச் சீமைக்கு இறங்கிய பின்னரே அங்கே பஞ்சாலைகள் பெருகின. ஆழமான கிணறுகளில் மின்பம்புகள் ஓடத் தொடங்கின. 1937-இல் மேட்டூரிலும், 1944-இல் பாபநாசத்திலும் நீர்மின் நிலையங்கள் எழுந்தன. மலைநீரின் உயரம் வோல்ட்டாக மாறிக் கம்பி வழியே வந்து, கிணற்று நீரை மேலே ஏற்றுகிறது என்பதே இதன் சுருக்கம்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து வயலுக்கு வரும் கடைசிக் கம்பிதான் நம் கவலைக்குரியது. அங்கே அழுத்தம் குறைவு; ஆகவே ஓட்டம் மிகுதி, இழப்பும் மிகுதி. வாய்க்காலுக்குத் தலைமடையும் கடைமடையும் இருப்பது போல மின்கம்பிக்கும் உண்டு. டிரான்ஸ்பார்மரை ஒட்டியுள்ளவர் தலைமடைக்காரர். கம்பியின் கோடியில் உள்ளவர் கடைமடைக்காரர். முறையாக அறிவிக்காமல் ஒருவர் பெரிய மோட்டாரைப் பூட்டினால், அதே கம்பியில் உள்ள அனைவர் வீட்டு அழுத்தமும் தாழ்கிறது. கோடியில் உள்ளவருக்கே மிகுதியாகத் தாழ்கிறது.

விளக்கு மங்கும், மோட்டார் எரியும்

அழுத்தம் தாழ்ந்தால் இழை விளக்கு மங்கும். அதனால் கேடு ஒன்றுமில்லை. மோட்டாரின் இயல்பு வேறு. அழுத்தம் குறைந்தது என்பதற்காகக் கிணற்று நீரின் பாரம் குறைவதில்லை. அதே பாரத்தை ஏற்ற வேண்டியிருப்பதால், வோல்ட்டில் குறைந்ததை ஆம்பியரில் ஈடு செய்ய மோட்டார் முயல்கிறது. 400 வோல்ட் கிடைக்க வேண்டிய மும்முனை மோட்டாருக்கு 320 வோல்ட் கிடைத்தால், ஓட்டம் ஏறக்குறைய ஒன்றேகால் மடங்காகும். ஜூல் கூறியபடி சுருளில் வெப்பம் ஒன்றரை மடங்குக்கு மேலாகும். சுருள் கம்பியின் மேல் பூசியுள்ள காப்பு மெருகு, தாங்கும் அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை சென்டிகிரேடு சூடு ஏறும்போதும் ஏறக்குறையப் பாதி ஆயுளை இழக்கிறது. ஒரே நாளில் எரியாவிடினும், பத்தாண்டு உழைக்க வேண்டிய மோட்டார் ஈராண்டில் கருகிப்போவதன் மர்மம் இதுவே.

மோட்டார் சுழலாமல் உறுமினால் ஒரு கணமும் தாமதியாமல் நிறுத்த வேண்டும். சுழலாமல் நிற்கும் மோட்டார் வழக்கமான ஓட்டத்தைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். மும்முனை இணைப்பில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு முனை நின்றுபோனாலும் மோட்டார் நிற்பதில்லை. மற்ற இரண்டிலும் ஏறக்குறைய 1.7 மடங்கு ஓட்டத்தை இழுத்துக்கொண்டு ஓடி, பின்னர் எரியும். இதைத் தடுக்கும் ‘சிங்கிள் பேசிங் பிரிவென்டர்’ என்னும் கருவியின் விலை, சுருளை மறுபடியும் சுற்றும் கூலியை நோக்கப் பெரிதன்று. மின்சாரத்துக்குக் கட்டணமே இல்லாத இணைப்பாக இருக்கலாம். எரிந்த மோட்டாருக்குச் சுருள் சுற்றும் கூலி இல்லாமற் போகுமா? அது பழுதான வாரத்தில் வாடும் பயிருக்கு ஈடு தருபவர் யார்?

உயிரின் கணக்கு

இனி எல்லாவற்றிலும் முக்கியமானது. மனிதனைக் கொல்வது உடலினூடே பாயும் ஆம்பியர். ஓர் ஆம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கை மில்லிஆம்பியர் என்பர். 1 மில்லிஆம்பியர் உடலில் சுருக்கென்று உறைக்கும். 10 மில்லிஆம்பியருக்கு மேற்பட்டால் கைத்தசை இறுகிப் பிடித்த கம்பியை விட முடியாமற் போகும். 30 மில்லிஆம்பியருக்கு மேல் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. 10 வாட் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் இழுக்கும் ஓட்டமே 43 மில்லிஆம்பியர். ஒரு சிறு விளக்கை எரிக்கும் மின்னோட்டம் ஓர் உயிரை அணைக்கப் போதுமானது.

அவ்வாறாயின் உலர்ந்த கையால் தொட்டவர் சிலர் பிழைத்தது எங்ஙனம்? இங்கும் ஓம் விதியே விடை தருகிறது. உலர்ந்த தோலின் தடை ஒரு லட்சம் ஓம் வரையிலும் இருக்கக்கூடும். 230-ஐ ஒரு லட்சத்தால் வகுத்தால் 2.3 மில்லிஆம்பியர். அதே தோல் நனைந்தால் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 230 மில்லிஆம்பியர், அது மரணம். சேற்றில் கால் வைத்து ஸ்டார்ட்டரைத் தொடும் உழவரும், பாவுக்குக் கஞ்சி போட்ட ஈரக்கையோடு சுவிட்சைத் தொடும் நெசவாளரும் இந்த இரண்டு வகுத்தல் கணக்குகளையும் மறவாதிருக்க வேண்டும். உலர்ந்த தோல் காத்தது என்று துணிவதும் கூடாது. வியர்வை ஒன்றே அக்காப்பை அழித்துவிடும்.

பாதுகாப்புச் சாதனங்களின் வேலையைப் பிரித்தறிதல் நன்று. பியூஸ் கம்பியும் எம்.சி.பி.யும் காப்பது ஒயரை. ஓட்டம் வரம்பு மீறினால் சுற்றை முறிப்பன. பல ஆம்பியரில் முறிவனவாதலால் மில்லிஆம்பியரில் சாகும் மனிதனை அவை காப்பதில்லை. பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த செம்புக் கம்பியைச் சொருகுவது, குரைக்கிறது என்று காவல் நாயைக் கொல்வதற்குச் சமம். எர்த் கம்பியோ, மோட்டாரின் உடலில் கசியும் மின்சாரத்துக்குத் தடை குறைந்த தனிவழி தருவது. அதன் குழி காய்ந்துபோனால் அவ்வழி அடைபடும். கோடையில் நீர் விட்டு ஈரமாக வைத்திருக்க வேண்டும். மனிதனைக் காப்பதற்கென்றே அமைந்தது ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் தடுப்பான். போன ஓட்டத்துக்கும் திரும்பி வந்த ஓட்டத்துக்கும் 30 மில்லிஆம்பியர் வேறுபாடு கண்டவுடன் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அது சுற்றை முறித்துவிடும்.

மின்சாரம் தாக்கியவரைக் கையால் பற்றி இழுக்கலாகாது. முதலில் மெயினை நிறுத்த வேண்டும். இயலாவிடில் உலர்ந்த கழியால் ஒயரை விலக்க வேண்டும். மின்கம்பத்துக் கம்பி அறுந்து கிடந்தால் அருகே செல்லாமல், பிறரையும் செல்லவிடாமல் காத்து, மின்வாரியத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். பன்றிக்குப் பயந்து வயல்வேலியில் மின்கம்பியை இணைப்பது சட்டப்படி குற்றம். பன்றி வராத இரவில் பக்கத்து வயல்காரரே அதில் சிக்கலாம். இடைவிட்டு மிகச் சிறு துடிப்பாக மின்சாரம் அனுப்பும் முறையான சூரியசக்தி வேலி வேறு. மின்கம்பத்திலிருந்து இழுத்த கம்பி வேறு.

சங்கம் செய்யத்தக்கது

இந்நான்கு அளவைகளைத் தனியொருவர் அறிந்திருப்பதினும் சங்கமாக அறிந்திருப்பது சிறந்தது. ஒரு வோல்ட் மீட்டரும், கம்பியை வெட்டாமலே ஆம்பியர் பார்க்கும் கிளாம்ப் மீட்டரும் ஒவ்வொரு சங்கமும் வாங்கி வைக்கக்கூடியவையே. பயிற்சி பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு ஆண்டுக்கொரு முறை, கோடை தொடங்குமுன், அங்கத்தினர்களின் எர்த் இணைப்புகளையும் ஒயர்களையும் சோதிக்கச் செய்யலாம்.

தலைமடை, நடுமடை, கடைமடை என மூன்று இடங்களில் காலை, நண்பகல், இரவு ஆகிய மூன்று வேளையும் அழுத்தத்தைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வரலாம். உயர்நிலைப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளைப் பெரியோர் துணையோடு இப்பணியில் அமர்த்தினால், புத்தகத்தில் படித்த பாடம் அவர்கள் கண்முன் உயிர் பெறும். ஒரு மாதத்துக் கணக்கு சேர்ந்தவுடன் அதைப் படமாக வரைந்து சங்கச் சுவரில் ஒட்டலாம். ‘எங்கள் பகுதியில் மின்சாரம் சரியில்லை’ என்று எழுதும் மனுவை ஒதுக்கிவிடுவது எளிது. ‘இன்ன கம்பத்தில், இன்ன தேதி, இன்ன மணிக்கு இத்தனை வோல்ட் இருந்தது’ என்று முப்பது நாள் கணக்கோடு செல்லும் மனுவை ஒதுக்குவது எளிதன்று. கூடுதல் டிரான்ஸ்பார்மர் வேண்டுமா, பாரத்தை மூன்று முனைகளுக்கும் சமமாகப் பகிர்ந்தாலே போதுமா என்பதும் அக்கணக்கிலிருந்தே தெரியவரும்.

முறை வைத்து நீர் பாய்ச்சும் ஊரில் கடைமடையும் விளைகிறது. எல்லோரும் ஒரே வேளையில் மோட்டாரைப் போடாமல் முறை வைத்துக்கொண்டால் கோடியில் உள்ளவர் மோட்டாருக்கும் போதிய வோல்ட் கிடைக்கும். பிறர் பங்கைத் தாம் இழுக்காதிருத்தல் என்னும் கூட்டுறவுத் தருமம் வாய்க்காலுக்கு எவ்வளவு பொருந்துமோ, மின்கம்பிக்கும் அவ்வளவு பொருந்தும். அதைக் கடைப்பிடிக்க நல்ல மனம் மட்டும் போதாது. அளவும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு வரும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் மோட்டாரின் பெயர்த்தகட்டில் பொறித்துள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும், தம் ஒயரின் பருமனையும் நீளத்தையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு வருவாராக. மற்றக் கணக்கை அனைவரும் கூடியிருந்து போடலாம்.